வீட்டில் கற்ற ஆட்டத்துக்கும் உதவித்தொகை உண்டு: சென்னையின் இளம் ஆடற்கலைஞர்களுக்கு முழுமையான வழிகாட்டி

வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடி. பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். தாத்தா பறை ஆசான். அப்பா செட்டில், அதாவது ஆட்டக் குழுவில், ஆடுகிறவர். ஏழு வயதிலிருந்து அவளும் ஆடுகிறாள். ‘எத்தனை ஆண்டுகள் பயிற்சி பெற்றுள்ளீர்கள்?’ என்ற கட்டம் வந்ததும் ‘0’ என்று போட்டாள்.

“ஏம்மா சைபர் போட்டே?”

“நான் க்ளாஸுக்குப் போனதே இல்லையேக்கா.”

பன்னிரண்டு வருட ஆட்டம். அதைப் பயிற்சி என்று அவளே எண்ணவில்லை. வீட்டு முற்றத்தில் கற்ற கலையைக் கணக்கில் சேர்க்கலாம் என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. அந்த சைபரை அழிக்கத்தான் இந்த வழிகாட்டி. பட்டியல் சாதி, பழங்குடி, மிகவும் பிற்படுத்தப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த, கலைப் பயணத்தின் தொடக்கத்தில் நிற்கும் சென்னைப் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். பரதம், பறை, ஒயிலாட்டம், கரகம், கூத்து என்று நீங்கள் எதை ஆடினாலும் இது உங்களுக்கானது.

சென்னையில் நடனம் என்றால் சபா, மார்கழி சீசன், பட்டுப் புடவை என்றுதான் பலருக்கு நினைவு ஓடும். அந்தப் பரதத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தவர்கள் இசை வேளாளர் குடும்பத்துப் பெண்களும், ஆட்டம் கற்றுத்தரும் நட்டுவனார்களும். சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் செப்பம் செய்த வரிசையில்தான் இன்றும் மார்க்கம் என்னும் பரதக் கச்சேரி ஆடப்படுகிறது. 1930-களில் ஆட்டம் சபா மேடை ஏறியது. 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அந்த மரபில் வந்த ஆடற்கலைஞர் பாலசரஸ்வதி போன்ற சிலர் விடாமல் நின்றார்கள். பல குடும்பங்கள் சலங்கையைக் கழற்றி வைத்துவிட்டன. பறையோ வெகுகாலம் சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்டே கிடந்தது. 2025-இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அதற்கு முன் 2019-இல் நர்த்தகி நடராஜ் பத்மஸ்ரீ பெற்றார். திருநங்கை என்பதால் வீட்டை விட்டு வெளியேறி, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்றவர் அவர். இந்தப் பெயர்களையெல்லாம் சொல்வது, நீங்கள் நிரப்பப்போகும் படிவம் தானம் கேட்கும் மனு அல்ல என்பதற்காக. உங்கள் குடும்பங்கள் உழைத்து வளர்த்த கலைக்கு வரவேண்டிய பணம் அது.

இரண்டு வரிசைகள், இரண்டிலும் நில்லுங்கள்

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். “எஸ்சி பிள்ளைகளுக்கு டான்ஸ் ஸ்காலர்ஷிப் எங்கக்கா தர்றாங்க?” என்று பலர் கேட்கிறார்கள். அந்தப் பெயரில் ஒரு பலகையைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். பணம் இரண்டு வரிசையில் வருகிறது. ஒன்று கலை வரிசை: உங்கள் ஆட்டத்தைப் பார்த்துத் தருவது. இன்னொன்று நல வரிசை: சாதிச் சான்றையும் வருமானச் சான்றையும் பார்த்து, நீங்கள் கல்லூரியில் படிக்கிறீர்களா என்று கேட்டுத் தருவது. அங்கே நீங்கள் படிப்பது பரதமா கணக்கா என்பது பெரிய கேள்வி இல்லை. கலை வரிசையில் நிற்கிறவர்களுக்கு நல வரிசை தெரிவதில்லை; நல வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகளுக்குக் கலை வரிசை இருப்பதே தெரிவதில்லை.

கலை வரிசை: உங்கள் வயதுக்கு எது?

பத்திலிருந்து பதினான்கு வயதுக்குள் தம்பி, தங்கை இருந்தால் சிசிஆர்டி எனப்படும் மத்தியப் பண்பாட்டு வள மற்றும் பயிற்சி மையத்தின் திறன் தேடல் உதவித்தொகைக்கு எழுதுங்கள். டெல்லி துவாரகாவில் இயங்கும் மத்திய அரசு நிறுவனம் இது. ஆண்டுக்கு 650 உதவித்தொகைகள். அதில் 125 இடங்கள், பாரம்பரியமாகக் கலையைத் தொழிலாகக் கொண்ட குடும்பத்துக் குழந்தைகளுக்கு. பழங்குடிக் கலைகளுக்குத் தனியே 100. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கும் தனி இடம் உண்டு. அப்பா கரகம் ஆடுகிறவர், பாட்டி கூத்தில் பாடுகிறவர் என்றால் அந்த 125-க்குள் போட்டியிடுங்கள். பொது வரிசையில் போய் இடிபட வேண்டாம். ஆண்டுக்கு 3,600 ரூபாயும், கற்றுத்தரும் குருவுக்கான கட்டணமாக 9,000 ரூபாய் வரையும் கிடைக்கும். தொகை சிறியதுதான். ஆனால் இரண்டிரண்டு ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டு இருபது வயது வரை கொண்டுபோகலாம். பின்னால் பெரிய உதவித்தொகைக்கு எழுதும்போது இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, பதினெட்டிலிருந்து இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கானது. மத்தியப் பண்பாட்டு அமைச்சகத்தின் ‘இளம் கலைஞர்களுக்கான உதவித்தொகை’யைத்தான் சொல்கிறேன். இதையும் சிசிஆர்டியே நடத்துகிறது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 30,000 வீதம் நான்கு தவணை, மொத்தம் 1,20,000 ரூபாய். ஆண்டுக்கு 400 பேர் வரை தேர்வாகிறார்கள். பரதம் போன்ற செவ்வியல் நடனங்களுக்கு இடம் இருப்பதுபோலவே நாட்டுப்புற ஆட்டங்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் ஏப்ரல் 1-ஆம் தேதியன்று 18 நிறைந்திருக்க வேண்டும், 25-ஐத் தாண்டியிருக்கக் கூடாது. வயதில் யாருக்கும் தளர்வு கிடையாது. சாதி அடிப்படையிலும் தளர்வு இல்லை என்பதால், “அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் இதில் அதிகம் இழக்கிறார்கள்.

முக்கியமான நிபந்தனை: குருவிடமோ நிறுவனத்திலோ குறைந்தது ஐந்து ஆண்டுகள் பயின்றிருக்க வேண்டும். இது தொடக்கநிலைப் பயிற்சிக்கான பணம் இல்லை, உயர்பயிற்சிக்கானது. அரங்கேற்றம் நிபந்தனை அல்ல என்பதைத் தடித்த எழுத்தில் மனத்தில் எழுதிக்கொள்ளுங்கள். மண்டபம், பக்கவாத்தியம், நகை, சாப்பாடு என்று லட்சக்கணக்கில் கடன் வாங்கி அரங்கேற்றம் செய்தால்தான் உதவித்தொகை கிடைக்கும் என்று நம்பி, வட்டி கட்டிக்கொண்டிருக்கும் அம்மாக்களை எனக்குத் தெரியும். அந்தக் கடனைத் தயவுசெய்து வாங்காதீர்கள்.

இருபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு அதே அமைச்சகத்தின் இளநிலை ஆய்வு நல்கை இருக்கிறது: 25-லிருந்து 40 வயது வரை, மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டு. ஆடத் தெரிவதோடு ஒரு ஆய்வுத் திட்டமும் கையில் வேண்டும். உங்கள் ஊர்க் கூத்தின் அடவுகளை ஆவணப்படுத்துவது போன்ற திட்டம் நம் பிள்ளைகளுக்கு இயல்பாகவே அமையும். நூலகத்தில் இல்லாத செய்தி உங்கள் பாட்டியிடம் இருக்கிறது.

மாநில அரசு பக்கம் வந்தால், ராஜா அண்ணாமலைபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றத்துக்கு ஒருமுறை நேரில் போய் வாருங்கள். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு இசைக்கருவி, ஆடை, அணிகலன் வாங்க நிதியுதவி தருகிறார்கள். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்டக் கலை மன்ற விருதுகளில், பதினெட்டு வயது வரை ‘கலை இளமணி’, பத்தொன்பதிலிருந்து முப்பத்தைந்து வரை ‘கலை வளர்மணி’. விருதுத் தொகை பெரிதில்லை. அரசு முத்திரையோடு ஒரு சான்று கையில் கிடைக்கிறதே, அதுதான் பெரிது. அப்பா, அம்மா, தாத்தா யாராவது நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். 2007-இல் தொடங்கிய வாரியம் அது. உறுப்பினர்களின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி உண்டு. பதியவில்லை என்றால் முதல் வேலை அதுவாக இருக்கட்டும். ஆசானின் வாரிய அட்டை உங்கள் விண்ணப்பத்துக்கு எப்படித் துணை நிற்கும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையம் அருகிவரும் கலைகளுக்குக் குரு-சீடர் பயிற்சி நடத்துகிறது. குருவுக்கும் சீடர்களுக்கும் மாதத்தொகை உண்டு. புதிய முயற்சி, நவீன ஆட்டம் என்று யோசிப்பவர்கள் பெங்களூரின் இந்தியக் கலைகளுக்கான அறக்கட்டளையைப் பாருங்கள். ஐஎஃப்ஏ என்பார்கள். தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம் என்பதால் ஆங்கிலத்துக்கு அஞ்சும் பிள்ளைகளுக்கு இதை முதலில் சொல்வேன்.

நல வரிசை: கல்லூரியில் சேர்ந்தால் திறக்கும் கதவு

சென்னையில் அடையாறு பக்கம் கிரீன்வேஸ் சாலையில் அரசு இசைக் கல்லூரியும் இசை, கவின்கலைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. 1949-இல் தொடங்கிய கல்லூரி அது. பரதநாட்டியத்தில் பட்டயம், பட்டம் படிக்கலாம். அரசுக் கட்டணம் என்பதால் தனியார் வகுப்போடு ஒப்பிடவே முடியாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் இருப்பவர்களுக்குக் காஞ்சிபுரம் மாவட்ட அரசு இசைப் பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. சிறிய மாத உதவித்தொகையும் தருகிறார்கள்.

இப்படி அங்கீகாரம் பெற்ற இடத்தில் சேர்ந்துவிட்டால் நல வரிசை முழுவதும் உங்களுக்குத் திறக்கிறது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்கும்போது, பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. கிறித்தவத்துக்கு மாறிய ஆதிதிராவிடர் குடும்பங்களுக்கும் மாநில அரசு தருகிறது. வடசென்னையில் இது தெரியாமலே பட்டம் முடித்தவர்கள் எத்தனையோ பேர். இசை வேளாளர் சமூகம் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருப்பதால் அவர்கள் அந்தத் துறையின் உதவித்தொகைக்கு எழுத வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் 2023 தொடக்கத்திலிருந்து பழங்குடியினர் பட்டியலில் இருக்கின்றன. பழைய எம்பிசி சான்றை வைத்துக்கொண்டு எழுதாதீர்கள், புதுச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலோ அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ் வழியிலோ படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன். மாதம் 1,000 ரூபாய். நாட்டியம் படித்தால் கிடைக்காது என்று ஒரு புரளி சுற்றுகிறது. பட்டம், பட்டயம் எதுவானாலும் உண்டு. வேறு கல்வி உதவித்தொகை வாங்கினாலும் புதுமைப் பெண் தொகையைச் சேர்த்து வாங்கலாம். போஸ்ட் மெட்ரிக் அப்படி இல்லை. அதை வாங்குகிறவர் இன்னொரு உதவித்தொகையைக் கூடவே வைத்துக்கொள்ள விதி இடம் தராது. ஆகவே சிசிஆர்டி கிடைத்ததும் கல்லூரி அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து, இரண்டில் எது அதிகமோ அதை வைத்துக்கொள்ளுங்கள். மறைத்து இரண்டும் வாங்கி, பிறகு பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸ் வந்தால் அந்தச் சுமை உங்கள் வீட்டால் தாங்கக்கூடியது அல்ல.

முதல் படி: ஒரே பெயர்

அறிவிப்பு வருவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை இது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றில் முன்னால் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். நம் பிள்ளைகள் முக்கால்வாசிப் பேருக்கு இந்த மூன்றும் மூன்று விதம். டெல்லியில் இருந்து பார்க்கிறவருக்கு அது மூன்று ஆள். மதிப்பெண் சான்றில் உள்ளபடி ஆதாரைத் திருத்தி, ஆதாரின்படி வங்கியைத் திருத்துங்கள். இந்த வரிசையிலேயே செய்யுங்கள், மாற்றிச் செய்தால் இரட்டை அலைச்சல்.

வருமானச் சான்று ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி மனு போடுங்கள். சாதிச் சான்று பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் தரவேண்டும், நாள் பிடிக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருந்தால் மட்டும் போதாது, அரசுப் பணம் நேராக வரும் கணக்காகவும் அது பதிவாகியிருக்க வேண்டும், கிளையில் போய் “என்பிசிஐ லிங்க் ஆகியிருக்கா?” என்று கேளுங்கள், அவர்களுக்குப் புரியும். என்னிடம் வந்த ஒரு பையனுக்குப் பள்ளிக்கூடத்தில் திறந்த பழைய கணக்கு. மூன்று வருடம் கை வைக்கவில்லை, கணக்கு உறங்கிவிட்டது. வந்த பணம் திரும்பிப் போய் மறுபடி வருவதற்குள் பத்து மாதம் ஓடிவிட்டது. இன்றைக்கே நூறு ரூபாய் போட்டு எடுத்துப் பாருங்கள்.

இரண்டாம் படி: ஆட்ட நோட்டு

இருபது ரூபாய்க்கு ஒரு கட்டுரை நோட்டு வாங்குங்கள். நாள், இடம், நிகழ்ச்சி, என்ன ஆடினீர்கள், எவ்வளவு நேரம், யார் தலைமை என ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு வரி. பழைய நிகழ்ச்சிகளை அம்மாவிடம், செட்டு ஆட்களிடம் கேட்டு நினைவிலிருந்து எழுதுங்கள். அம்மன் கோயில் ஆடித் திருவிழா, பள்ளிக் கலைத் திருவிழா, சென்னை சங்கமம், கட்சி மாநாட்டு ஊர்வலம், எல்லாம். துண்டறிக்கை, பெயர் போட்ட ஃபிளெக்ஸின் புகைப்படம், கைப்பேசியில் கிடக்கும் காணொளி இவற்றைத் தேதி போட்டு ஒரே இடத்தில் சேர்த்து வையுங்கள்.

சாவுக்கு ஆடியதை எழுதலாமா என்று ஒரு தம்பி தயங்கிக் கேட்டான். எழுதுங்கள். ‘இறுதிச் சடங்கு நிகழ்ச்சி, ஆறு மணி நேரம், பறையாட்டம்’ என்று எழுதுங்கள். ஆறு மணி நேரம் வெயிலில் அடியும் ஆட்டமும் பிசகாமல் நின்றவனின் உடல்திறன், ஏசி அரங்கில் இருபது நிமிடம் ஆடியவருக்குக் குறைந்ததல்ல. மதிப்பிடும் நிபுணர்களில் அது தெரிந்தவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: ஆசான் கடிதம்

அந்த சைபர் அழியும் இடம் இதுதான். ஐந்து ஆண்டுப் பயிற்சிக்கு இதுவரை கற்றுத்தந்த குருவின் சான்று வேண்டும். அடுத்த இரண்டு ஆண்டு கற்றுத்தர ஒப்புக்கொண்டு குரு தரும் கடிதமும் வேண்டும். நடுவில் ஆசிரியரை மாற்றியிருந்தால் பழைய ஆசிரியர், புதியவர் இருவரிடமும் வாங்குங்கள்.

ஆசானிடம் பெயர் அச்சிட்ட தாள் இருக்காது. தேவையில்லை. வெள்ளைத் தாளில் தமிழில் எழுதி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்து, வாரிய அட்டையின் நகலை இணைத்துவிடுங்கள். கூடவே ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று. கடிதம் இப்படி இருக்கட்டும்:

“இவர் 2013 ஜூன் முதல் என்னிடம் பறையாட்டமும் ஒயிலாட்டமும் கற்று வருகிறார். வாரம் மூன்று நாள், மாலை இரண்டு மணி நேரம் பயிற்சி. எல்லா அடிகளையும் தனித்து அடித்து ஆடுவார். 2019 முதல் என் குழுவில் முன்வரிசையில் நிற்கிறார். அடுத்த இரண்டு ஆண்டுகள் இவருக்கு உயர்பயிற்சி அளிக்கச் சம்மதிக்கிறேன்.”

ஆண்டு, நாள், மணி மூன்றும் இருக்கவேண்டும். ‘நன்றாக ஆடுவார், நல்ல பிள்ளை’ என்ற கடிதத்துக்கு எடை கிடையாது. தாத்தாவே ஆசான் என்றால், இதுவரை கற்றதற்குத் தாத்தாவின் சான்றையும், இனிக் கற்கப்போவதற்கு வேறொரு ஆசானின் சம்மதத்தையும் வாங்குவது நல்லது என்பது என் கருத்து. குடும்பத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டார்கள் என்ற எண்ணம் எழாது. உங்களுக்கும் இன்னொரு கை ஆட்டம் படியும்.

பரதம் கற்கும் பிள்ளைகளுக்கு இங்கே வேறு ஒரு சிக்கல். கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நின்றிருப்பார்கள். பழைய டீச்சரிடம் கடிதம் கேட்கக் கூச்சம். நான் உதவிய ஒரு பெண்ணுக்கு முதல் ஆசிரியர் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மூன்று மாதக் கட்டண பாக்கி இருந்தது. அந்த ஆண்டு அவள் விண்ணப்பிக்கவே முடியவில்லை. ஆகவே வகுப்பில் இருக்கும்போதே, உறவு நல்லபடி இருக்கும்போதே, ஆண்டுக்கு ஒருமுறை ‘இன்ன நாள் முதல் இன்ன நாள் வரை பயின்றார்’ என்று இரண்டு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். குருபூர்ணிமா, விஜயதசமி நாளில் தாம்பூலம் வைத்துக் கும்பிட்டுக் கேட்டால் யாரும் மறுப்பதில்லை.

நான்காம் படி: காணொளி

கேட்டால் அனுப்ப ஒன்று தயாராக இருக்கவேண்டும். கைப்பேசியைக் குறுக்காகப் பிடித்து எடுங்கள். காலும் தலையும் எப்போதும் திரைக்குள் இருக்கட்டும்; பாதம் தெரியாத நடனக் காணொளியை எந்த நடுவரும் மதிக்கமாட்டார். வெட்டு, ஒட்டு, மெதுவோட்டம், மேலே பூ விழும் வித்தை எதுவும் வேண்டாம். காலை ஏழு மணி வெளிச்சத்தில் மொட்டை மாடி போதும், ஆனால் பின்னால் காயும் துணிகளை எடுத்துவிடுங்கள். சிமெண்டுத் தரையில் தட்டி ஆடினால் முட்டி போய்விடும், அதனால் எடுக்கும் பகுதியை மட்டும் ஆடுங்கள், ஒத்திகையை வேறு தரையில் பாருங்கள். குழு ஆட்டம் என்றால் நீங்கள் யார் என்று தெரியவேண்டும். மற்றவர்கள் மஞ்சள் துண்டு கட்டினால் நீங்கள் சிவப்பு கட்டுங்கள். அதோடு இரண்டு நிமிடம் தனியாகவும் ஆடிப் பதியுங்கள்.

ஐந்தாம் படி: ‘இரண்டு ஆண்டில் என்ன செய்வீர்கள்?’

இந்தக் கேள்விக்குப் பெரும்பாலானோர் ‘கலையை வளர்க்க விரும்புகிறேன், உலகெங்கும் கொண்டுசெல்வேன்’ என்று எழுதுகிறார்கள். அதை அழித்துவிட்டு இப்படி எழுதிப் பாருங்கள்: ‘முதல் ஆண்டு இரண்டு வர்ணங்களும் நட்டுவாங்கமும் கற்பேன். வாரம் நான்கு வகுப்பு. இரண்டாம் ஆண்டு ஆறு பதங்கள். எனக்கு அபிநயம் பலவீனம், அதற்காகவே இந்தக் குருவைத் தேர்ந்தேன்.’ பலவீனத்தைச் சொன்னால் மதிப்பெண் குறையும் என்று அஞ்சவேண்டாம். தன் ஆட்டத்தைத் தானே பார்க்கத் தெரிந்தவர் என்பது அந்த ஒரு வரியில் புரிந்துவிடும்.

சாதியைப் பற்றி எழுதவேண்டுமா? இது உங்கள் முடிவு, யாரும் வற்புறுத்தக் கூடாது. குடும்பக் கலை என்றால் கட்டாயம் எழுதுங்கள் என்று சொல்வேன். மூன்று தலைமுறையாக யார் யார் ஆடினார்கள், எந்த ஊர், எந்தத் திருவிழா என்று பெயரோடு எழுதுங்கள். வறுமையைப் பற்றி ஒரு வரி போதும். மிச்ச இடம் ஆட்டத்துக்கு.

ஆறாம் படி: செய்முறைத் தேர்வு

நிபுணர் குழு முன் ஆடவேண்டும். நீங்கள் தயாரித்ததை முழுதாக ஆடவிடமாட்டார்கள், பாதியில் நிறுத்தி வேறு கேட்பார்கள். வர்ணத்தில் இரண்டாம் தீர்மானத்திலிருந்து, அதாவது நடுவில் வரும் ஜதிக் கோவையிலிருந்து, ஆடச் சொன்னால் ஆடத் தெரியவேண்டும். முதலிலிருந்து தொடங்கினால்தான் வரும் என்ற நிலையில் போகாதீர்கள். பரதம் என்றால் ஒற்றைக் கை முத்திரைகள் இருபத்தெட்டும், ஏழு தாளமும் முப்பத்தைந்து வகையும் வாயில் வரவேண்டும். கையில் தாளம் போட்டு ஜதி சொல்லச் சொல்வார்கள். நாட்டுப்புற ஆட்டம் என்றால் அடியின் பெயர், எப்போது அடிப்பது, சடங்கில் அதன் இடம் என்ன என்று கேட்பார்கள். இதெல்லாம் உங்களுக்குத் தெரியும், ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பழக்கமிருக்காது. ஆசானை உட்காரவைத்துக் கேட்டு, ஒரு வாரம் சொல்லிப் பழகுங்கள்.

பாட்டைப் பென் டிரைவிலும் கைப்பேசியிலும் இரண்டிலும் வைத்திருங்கள். தோல் பறை கொண்டுபோகிறவர்கள் நெருப்பில் காய்ச்ச அங்கே இடம் இருக்காது என்பதை மறவாதீர்கள்; ஃபைபர் பறை ஒன்றை இரவல் வாங்கிக் கூட எடுத்துப்போங்கள். இந்தி, ஆங்கிலம் வராது என்றால் தமிழில் பதில் சொல்லலாமா என்று தொடக்கத்திலேயே பணிவாகக் கேளுங்கள். தெரியாத மொழியில் தடுமாறி நின்றால் தெரிந்த கலையும் மறந்துபோகும்.

சிலர் இங்கே குறுக்கே வருவார்கள்: “கமிட்டியில ஆள் தெரியும், பத்தாயிரம் குடுங்க.” ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு மேடை தருகிறோம் என்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கிடைத்த பிறகும், கிடைக்காவிட்டாலும்

முதல் தவணை உடனே வராது. அதை நம்பி யாரிடமும் கைமாற்று வாங்கவேண்டாம். வந்தவுடன் அந்த 30,000-ஐப் பிரித்து வையுங்கள்: குருவின் கட்டணம், பேருந்துச் செலவு, சலங்கை அல்லது கருவி, கொஞ்சம் முட்டையும் பாலும். வீட்டில் அவசரம் வரும், கைநீட்டுவார்கள், அது இயல்பு. பாதியாவது ஆட்டத்துக்கு நிற்கும்படி அம்மாவிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

கிடைக்காவிட்டால் வயது இருக்கும்வரை மறுபடி எழுதுங்கள். தொடக்கத்தில் சொன்ன வியாசர்பாடிப் பெண்ணுக்கு முதல்முறை கிடைக்கவில்லை. இரண்டாம் முறை பயிற்சி ஆண்டு என்ற கட்டத்தில் ‘13’ என்று போட்டு, தாத்தாவின் கைநாட்டோடு அனுப்பினாள். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் பெரம்பூரிலிருந்து ரயில் ஏறிப் பயிற்சிக்குப் போய்வருகிறாள்.

தேர்வானவர்களுக்கு ஒரு கடைசி வேலை உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை, என்ன கற்றீர்கள் என்ற முன்னேற்ற அறிக்கையை ஆசான் கையெழுத்தோடு அனுப்பவேண்டும். அது போகாவிட்டால் அடுத்த தவணை நின்றுவிடும். ஐந்தாம் மாதம் முடியும்போதே கைப்பேசியில் நினைவூட்டல் வைத்துவிடுங்கள். ஆசான் ஆடி மாதத்தில் ஊர் ஊராகத் திருவிழாவுக்குப் போயிருப்பார். ஆனி முடிவதற்குள் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.